28,000 கி.மீ.யிலேயே பிரேக் பேட் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றணுமா?

#1 பெல்லந்தூர்வாசி

வணக்கம் நண்பர்களே. என் வண்டி ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக், சிவிடி கியர்பாக்ஸ் (கியர் படிகள் இல்லாமல் தானாக மாறும் வகை). மூன்று வருடம் முடிந்துவிட்டது, மீட்டர் 28,000 சொச்சம் காட்டுகிறது. தினசரி ஓட்டம் பெல்லந்தூரிலிருந்து அகரா, சில்க் போர்டு, ஓசூர் ரோடு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி. அவ்வப்போது சேலம், மாமனார் வீடு.

வழக்கமான சர்வீசுக்கு விட்டிருந்தேன். மதியம் அட்வைசர் போன் பண்ணி, "சார், ஃப்ரன்ட் பேட் முடிஞ்சுது, டிஸ்க் லேத் அடிக்கணும், பிரேக் ஆயிலும் மாத்திடலாம்" என்றார். (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை நெருக்கிப் பிடிப்பது பேட். லேத் என்றால் டிஸ்கின் முகத்தைச் சீவிச் சமன் செய்வது.) எஸ்டிமேட் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. பேட் எவ்வளவு மீதி என்று கேட்டால் "தர்ட்டி பர்சென்ட் சார்". எதில் முப்பது என்று கேட்டேன். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். பிரேக் வேலை எதுவும் இப்போது வேண்டாம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

சத்தம் இல்லை. பெடல் எப்போதும் போலத்தான் இருக்கிறது. ஆபீசில் ஒருவர் இதே வண்டியில் மேனுவல் வைத்திருக்கிறார், 65,000 ஓட்டியும் முதல் பேட்தான் என்கிறார். அப்படியென்றால் ஒரு பேட் உண்மையில் எத்தனை கி.மீ. வரும்? என் வண்டிக்கு இப்போது மாற்ற வேண்டுமா, அடுத்த சர்வீஸ் வரை தள்ளலாமா?

#2 சில்க்போர்டு சித்தர்

சில்க் போர்டு வழியாகப் போகிற வண்டிக்கு கி.மீ. கணக்கே செல்லாது சார். மணிக்கணக்கில் சொல்லுங்கள், யோசிக்கலாம்.

#3 வாடகைவண்டி

நான் கேப் ஓட்டுபவன். சொந்த அனுபவம் சொல்கிறேன். சர்வீஸ் சென்டரில் பத்து வேலை சொன்னால் நாலுதான் நிஜம். பேடில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசி "கீச்"சென்று கத்தும். கத்தினால் அந்த வாரத்தில் மாற்றினால் போதும். கத்தாத பேடை மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

#4 பாடிக்காரன்

வாடகைவண்டி தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நான் சென்னை பாடியில் பிரேக் லைனிங் தயாரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்தியாவில் ஓடும் பேடுகளிலும் லைனிங்குகளிலும் கணிசமான பங்கு நம் ஊர்ச் சரக்கு. பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில், ரானே அம்பத்தூரில். அதனால் இந்தப் பேச்சு வந்தால் சும்மா இருக்க முடிவதில்லை.

முதலில் கி.மீ. கேள்வி. முன் பேட் பொதுவாக 30,000 முதல் 60,000 வரை என்று சொல்வார்கள். நெரிசலான நகரத்தில் 20,000லேயே முடித்தவர்களும் உண்டு, ஹைவேயிலேயே ஓடி 80,000 தாண்டியவர்களும் உண்டு. இவ்வளவு அகலமான கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வண்டியைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஓட்டுபவர், பாதை, வண்டி எடை, பேடின் கலவை எல்லாம் சேர்ந்து முடிவாவது அது. ஆகவே ஆபீஸ் நண்பரின் 65,000ஐ மறந்துவிடுங்கள்.

கேட்க வேண்டியது மி.மீ. புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், சில வண்டிகளில் 12. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் இரும்புத் தகடு தனி, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நிறையப் பேர் தகட்டையும் சேர்த்துப் பார்த்து "இன்னும் நிறைய இருக்கே" என்று ஏமாறுகிறார்கள். உராயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றத் தயாராக வேண்டும். 2க்குக் கீழே போனால் தள்ளிப்போடும் பேச்சே கூடாது. உங்கள் வண்டியின் கையேட்டில் குறைந்தபட்ச அளவு போட்டிருக்கும், அதுதான் இறுதி.

இப்போது பர்சென்ட். 10 மி.மீ. பேடில் 30 சதவீதம் என்றால் 3 மி.மீ. அதாவது "முப்பது பாக்கி" என்பது கேட்க நன்றாக இருந்தாலும், பயன்படுத்தத் தக்க பங்கு அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று பொருள். இன்னொரு ஆள் 3 மி.மீ.யைப் பூஜ்யமாக வைத்து முப்பது சொன்னால் உங்களுக்கு 5 மி.மீ. இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சங்கதி. நீங்கள் "எதில் முப்பது" என்று கேட்டது மிகச் சரியான கேள்வி.

கத்தும் தகடு விஷயம்: அது எல்லாப் பேடிலும் இருக்காது. பல வண்டிகளில் ஒரு சக்கரத்துக்கு ஒரு பேடில்தான், பெரும்பாலும் உள்பக்கத்தில் இருக்கும். வெளியில் வாங்கும் மலிவுப் பேடில் அதுவும் இருக்காது. தகடு இல்லாத பேட் முதலில் தீர்ந்தால் உங்களுக்கு முதலில் கேட்பது கீச்சு இல்லை, கரகர. கரகர வந்தால் இரும்பு இரும்பில் உரசுகிறது, டிஸ்கும் போச்சு என்று அர்த்தம்.

ஆகவே தம்பி, அளந்து பாருங்கள். நாலு எண் வேண்டும். இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. அது இல்லாமல் மாற்று என்றும் சொல்ல முடியாது, மாற்றாதே என்றும் சொல்ல முடியாது.

#5 பெல்லந்தூர்வாசி

ரொம்ப நன்றி ஐயா. வீட்டிலேயே அளக்க முடியுமா? என்னிடம் வண்டியோடு வந்த ஜாக்கி மட்டும்தான்.

#6 கராஜ்பித்து

முடியும். வெளிப் பேடைப் பார்க்க சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அலாய் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே போன் டார்ச்சை அடித்துக் காலிப்பரின் (பேடுகளைப் பிடித்து அழுத்தும் கவ்வி) ஜன்னல் வழியாகப் பாருங்கள். பளபளவென்று டிஸ்க், அதை ஒட்டிக் கருஞ்சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக ஒரு பட்டை, அதற்குப் பின்னால் பெயின்ட் அடித்த வழவழப்பான தகடு. நடுவில் இருக்கும் சாம்பல் பட்டைதான் நீங்கள் அளக்க வேண்டியது.

உள் பேடுக்குச் சக்கரத்தைக் கழற்றினால்தான் நிம்மதி. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தையே பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள், ஜாக்கி நழுவினாலும் அது தாங்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் காலிப்பர் வெளியே திரும்பிக் கொடுக்கும், உள் பேட் மேலிருந்து நன்றாகத் தெரியும்.

வெர்னியர் நுழையாது. நான் 3 மி.மீ. டிரில் பிட்டின் வால்பகுதியைப் பேட் ஓரத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். பிட்டை விட பேட் தடியாக இருந்தால் பாஸ். ஹார்டுவேர் கடையில் சல்லிக் காசுக்குக் கிடைக்கும்.

அப்புறம் ஒன்று, பேட் தூளை ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதைய தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத்துணியால் துடையுங்கள்.

#7 ஜாலஹள்ளி ஜீரோ

ஆட்டோமேட்டிக் என்றாலே பேட் சீக்கிரம் போகும். சிக்னலில் கியரை டி-யில் (டிரைவ்) வைத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே நிற்கிறோம் இல்லையா, அதுதான் காரணம். நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் போட்டால் பேட் இன்னும் பத்தாயிரம் கூட வரும்.

#8 பாடிக்காரன்

இல்லை தம்பி. டிஸ்க் சுற்றினால்தான் பேட் தேயும். நின்ற வண்டியில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஒரு மைக்ரான் கூடத் தேயாது. ஆட்டோமேட்டிக்கில் தேய்மானம் ஊர்வதில்தான். காலை எடுத்தால் வண்டி தானாக நகரும், அதைப் பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டே ஊர விடுகிறோம். இன்ஜின் தள்ளுகிறது, பேட் இழுக்கிறது. இப்பளூரிலிருந்து அகரா வரை முழுக்க இதே வேலைதான். அதோடு மேனுவலில் கியர் குறைத்தால் இன்ஜின் பிடிக்கும், சிவிடியில் காலை எடுத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், அதனால் பிரேக்கை அதிகம் தொடுகிறோம்.

முன்னால் போகிற வண்டியோடு ஒட்டிக்கொண்டு போகாமல் கொஞ்சம் இடம் விட்டு, ஒரே நிதானத்தில் ஊர்ந்தால் பிரேக் மிதிப்பது நன்றாகக் குறையும். அந்த இடத்தில் ஒரு ஆட்டோ வந்து நுழையும், அது வேறு கதை.

#9 ஜூல் கணக்கு

எனக்கு இதைக் கணக்காகப் பார்க்கப் பிடிக்கும். பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். 1,200 கிலோ வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 167 கிலோஜூல் சூடு. 20லிருந்து நிறுத்தினால் 18, 19தான், ஒன்பதில் ஒரு பங்கு. 100லிருந்து நிறுத்தினால் 460 தாண்டும். வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு.

ஆகவே நெரிசலில் 20க்கு ஏறி இறங்கும் ஒவ்வொரு பிரேக்கும் சின்ன விஷயம். ஆனால் எண்ணிக்கை கொல்கிறது. ஓசூர் ரோட்டில் ஃப்ளைஓவர் மேலே ஏறிவிட்டால் எலக்ட்ரானிக் சிட்டி வரை கிட்டத்தட்ட பத்து கி.மீ. பிரேக்கையே தொட வேண்டியதில்லை. அதே பத்து கி.மீ. கீழே போனால் எத்தனை தடவை மிதிப்போம் என்று எண்ணிப் பாருங்கள். கி.மீ. இரண்டுக்கும் ஒன்றுதான், பேட் செலவு ஒன்றா?

மலையிறக்கம் இன்னும் மோசம். அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால், இன்ஜினும் காற்றும் உதவாமல் எல்லாவற்றையும் பிரேக்தான் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 60லிருந்து 35 தடவை முழுசாக நிறுத்திய சூடு. அதுவும் ஆற நேரமே இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை நந்தி மலையிலிருந்து இறங்கும் கார்களின் பின்னால் வருகிற கருகல் வாசனை இதுதான்.

#10 தர்மபுரியான்

மலை என்றதும் தொப்பூர் ஞாபகம் வந்தது. பெங்களூர்–சேலம் போகிற நம்மில் எல்லோருக்கும் தெரிந்த இடம். தேசிய நெடுஞ்சாலை 44ல் அந்த இறக்கத்தில் லாரிகள் எத்தனை தடவை மோதியிருக்கின்றன. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, சூடேறிப் பிடிக்காமல் போவதுதான் பல விபத்துகளில் நடப்பது. கார்க்காரர்களும் இதைச் செய்வதைப் பார்க்கிறேன்.

அதில் மிச்சமும் கிடையாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் சப்ளையே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் ஐடிலில் ஓட எரிபொருள் போகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கை கொடுக்காது, பெடல் கல்லாகிவிடும்.

சிவிடி கியர் லிவரில் எல் அல்லது எஸ் என்று இருக்கும், இறக்கத்தில் இன்ஜின் பிடிக்க அதைப் போடுங்கள். சத்தியமங்கலம் வழியாகக் கோவை போகிறவர்களுக்கு திம்பம், 27 கொண்டை ஊசி. அங்கேயும் இதே கதைதான். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே இறங்காமல், கொஞ்சம் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், அடுத்த வளைவுக்குள் ஆறும்.

#11 வாடகைவண்டி

எல்லாம் சரி. ஆனால் மூன்று மி.மீ.யில் மாற்று என்பது சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பேச்சு. எங்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு மி.மீ. வரை ஓட்டுவேன். அதுவரை எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

#12 பாடிக்காரன்

தெரியாது, அதுதான் சிக்கல். 2 மி.மீ. பேடும் நகரத்தில் 10 மி.மீ. பேட் மாதிரியேதான் பிடிக்கும். வித்தியாசம் சூட்டில்தான். பேட் தடியாக இருந்தால் டிஸ்கின் சூடு பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போவதைத் தடுக்கும். மெலிந்துவிட்டால் சூடு நேராக ஆயிலுக்கு ஏறும். பழைய ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். நகரத்துக்குள் ஓட்டுகிற உங்களுக்கு இரண்டு வரை தாக்குப்பிடிக்கலாம் தம்பி, ஏர்போர்ட் ட்ரிப்போடு நின்றால். யாராவது ஊட்டி ட்ரிப் புக் பண்ணினால் அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

#13 பெல்லந்தூர்வாசி

அளந்துவிட்டேன். டிரில் பிட், ஸ்கேல் இரண்டும் வைத்துப் பார்த்தேன், அரை மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம்.

வலது வெளி 6, வலது உள் 6.
இடது வெளி 6.5, இடது உள் 3.

மூன்று பேட் பாதிக்கு மேல் இருக்க, ஒன்று மட்டும் இப்படி. அட்வைசர் சொன்ன முப்பது சதவீதம் இந்த ஒரு பேட்தான் போல.

#14 கராஜ்பித்து

ஆகா. இதுதான் சரக்கு. இடது காலிப்பரின் ஸ்லைடு பின் (காலிப்பர் வழுக்கி நகர உதவும் இரும்புக் கம்பி) சிக்கியிருக்கிறது, எழுதிக் கொடுக்கிறேன்.

#15 பாடிக்காரன்

கராஜ்பித்து சொன்னதுதான். விளக்குகிறேன்.

உங்கள் மாதிரி வண்டிகளில் காலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள் மேல் உள்நோக்கி வழுக்கி வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்தும். அந்த ஸ்லைடு பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ சிக்கினால் காலிப்பர் வழுக்காது. உள் பேட் தனியாக வேலை செய்யும், பிரேக்கை விட்ட பிறகும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். உள் பேட் மட்டும் தேய்வது இதன் கையெழுத்து. பிஸ்டனே திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டாலும் இதே மாதிரி காட்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வலது பக்கத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 28,000க்கு 4 மி.மீ. போயிருக்கிறது, அதாவது 7,000க்கு ஒரு மி.மீ. மீதி 6ல், மாற்ற வேண்டிய 3 மி.மீ. எல்லையைத் தொட இன்னும் 3 மி.மீ. இருக்கிறது, ஆக மேலும் 20,000 சொச்சம். உங்கள் பாதைக்கு, உங்கள் காலுக்கு, ஒரு பேட் செட் ஏறக்குறைய 49,000 வர வேண்டும். அதுதான் உங்கள் முதல் கேள்விக்கு விடை. இடது உள் பேட் 4,000க்கு ஒரு மி.மீ. தின்றிருக்கிறது.

நீங்கள் அன்று சரி என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புதுப் பேட் போட்டிருப்பார்கள். ஸ்லைடு பின்னைத் தொட்டிருப்பார்களா என்பது சந்தேகம், எஸ்டிமேட்டில் இல்லை. அடுத்த 28,000ல் மறுபடி அதே போன்.

பேட் மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து செட்டாகத்தான். இல்லாவிட்டால் அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதோடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கு என்றே இருக்கும் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப் பெருக்கவைத்துவிடும், மறுபடி சிக்கும்.

#16 மழைக்காலம்

வெளிவட்டச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது ஓட்டியிருப்பீர்கள். 2022 செப்டம்பரில் ஈகோஸ்பேஸ் பக்கம் டிராக்டரில் ஆபீஸ் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்தத் தண்ணீரில் நின்ற எங்கள் வண்டிக்கும் ஸ்லைடு பின்தான் போனது. ரப்பர் பூட்டில் சின்ன விரிசல் போதும், சேறு உள்ளே போய்விடும்.

#17 பெல்லந்தூர்வாசி

ஐயா, மேடம், எல்லோருக்கும் நன்றி. டிஸ்க் லேத் அடிக்கணும் என்றார்களே, அது? பிரேக் ஆயில்? பேட் எங்கே வாங்குவது?

#18 ஜேசி ரோடு

பேட் பற்றி நான் சொல்கிறேன், ஸ்பேர்ஸ் கடையில் இருக்கிறேன். சின்ன ஹேட்ச்பேக்குக்கு நல்ல முன் பேட் செட் ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் அடங்கும். கம்பெனி ஒரிஜினல் டப்பா கொஞ்சம் கூடுதல். அதே கம்பெனிக்குப் பேட் சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள், அது விலை குறைவு, தரம் பழுது சொல்ல முடியாது.

எங்கள் ஜேசி ரோட்டிலேயே ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், வேண்டாம். டப்பாவில் எம்ஆர்பி, பாட்ச் நம்பர், ஹோலோகிராம் இருக்கிறதா பாருங்கள். பேடைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். உராயும் பகுதிக்கும் தகட்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், சூட்டில் பிரிந்து வரும். முதுகில் ஒட்டும் மெல்லிய ஷிம், பிடித்துக்கொள்ளும் கிளிப் செட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த கிளிப் பழசையே போட்டால் கீச்சு சத்தம் வரும், பழி பேட் மேல் விழும். ஜிஎஸ்டி பில் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள். எங்கள் ரோடு என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

செராமிக் வகைப் பேட் கேட்டு வருகிறவர்கள் நிறைய. வீலில் கருந்தூள் படியாது, சத்தம் குறைவு, விலை அதிகம். ஊருக்குள் ஓட்டுகிற ஹேட்ச்பேக்குக்கு கம்பெனி கொடுத்த வகையே போதும்.

#19 கராஜ்பித்து

லேத் அவசியமில்லை, அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். டிஸ்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். லேத் அடிப்பது என்றால் அந்தத் தடிமனிலிருந்து சீவி எடுப்பது, டிஸ்க் ஆயுளைச் செலவழிப்பது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? விரல் நகத்தை டிஸ்கின் குறுக்கே இழுத்தால் பள்ளத்தில் மாட்டுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அப்படியே விடுங்கள். லேசான கோடுகள் எல்லா டிஸ்கிலும் இருக்கும். குறைந்தபட்சத்தை நெருங்கிவிட்டால் லேத் இல்லை, புது டிஸ்க்.

#20 பாடிக்காரன்

ஆயில் விஷயத்தில் அட்வைசர் சொன்னது சரி, அதையும் செய்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155. தொப்பூரும் ஏற்காடும் போகிற வண்டிக்கு இந்த 75 டிகிரி வித்தியாசம் ரொம்பப் பெரியது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடம் என்று போட்டிருக்கும், உங்களுடையது மூன்று முடிந்துவிட்டது.

இன்னொன்று. பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், பிஸ்டன் வெளியே வந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போவதால். லீக் இல்லாமல் மட்டம் இறங்கியிருந்தால் அதுவே பேட் தேய்ந்ததற்கு ஒரு அடையாளம். அதை மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் அடையாளமும் போய்விடும், புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட்டையும் உரித்துவிடும். டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக் அல்லது ஆயில் குறைவு என்று அர்த்தம், விலை கூடிய சில கார்களில் மட்டும்தான் பேடுக்கு எனத் தனி சென்சார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019லிருந்து எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம்தான், ஆனால் அதற்கும் பேட் தடிமனுக்கும் சம்பந்தம் இல்லை.

#21 மின்வண்டி

எலக்ட்ரிக் கார்க்காரர்கள் யாரும் பேசவில்லையே. ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அதை மின்சாரமாக்குவது) பிடிப்பதால் எங்கள் பேட் தேய்வதே இல்லை. 40,000 கிட்ட ஓட்டியாயிற்று, அளந்தால் புதுசு மாதிரி இருக்கிறது.

#22 கராஜ்பித்து

பொறாமைப்படுகிறேன். ஆனால் பயன்படுத்தாத பிரேக்கில் டிஸ்க் துரு பிடிக்கும், ஸ்லைடு பின் சிக்கும். வாரம் ஒரு தடவை ரீஜெனைக் குறைத்து வைத்து நாலைந்து முறை அழுத்தமாக மிதியுங்கள். ஆயில் மாற்றும் கெடுவும் உங்களுக்கு அப்படியேதான்.

#23 பெல்லந்தூர்வாசி

வேலை முடிந்தது. மடிவாளாவில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, கூடவே நின்று பார்த்தேன். இடது காலிப்பரின் கீழ் பின் கையால் இழுத்து வரவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டித் திருகி எடுத்தார். வெளியே வந்த பின்னில் பாதி நீளத்துக்குக் காவி நிறத்தில் துரு, பூட்டின் மடிப்பில் ஒரு கிழிசல். மேல் பின் சும்மா வழுக்கி வந்தது. பிஸ்டன் நன்றாக உள்ளே போனது. நாலு பேட், இரண்டு பக்கத்துக்கும் பூட் கிட், டாட் 4, கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. டிஸ்கைக் கருவி வைத்து அளந்தார், குறைந்தபட்சத்துக்கு மேலே நிறைய இருக்கிறது. லேத் அடிக்கவில்லை.

சாவியைக் கொடுக்கும் முன் அவரே பெடலைப் பல தடவை மிதித்தார். முதல் மிதி தரை வரை போனது, மூன்றாவதில் கெட்டியானது. இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் சிக்னலில் பிரேக் இருக்காது என்றார்.

இப்போது ஓட்டினால் பிரேக் முன்பை விடக் கொஞ்சம் மந்தமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. சரிதானா?

#24 பாடிக்காரன்

சரிதான். புதுப் பேடின் முகம் டிஸ்கோடு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. அதிகாலையில் ரோடு காலியாக இருக்கும்போது நைஸ் ரோட்டுக்குப் போய், பின்னால் வண்டி இல்லாதபோது, 50, 60லிருந்து மிதமாக மிதித்து 15க்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஆற விட்டு மறுபடி. எட்டு, பத்து தடவை போதும். பிறகு ஒரு 300 கி.மீ. வரை அவசியமில்லாமல் கடுமையாக மிதிக்காதீர்கள். சேலம் பயணத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#25 ஹெப்பாள் புதுசு

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். மழை பெய்த மறுநாள் காலை வண்டியை எடுத்தால் "சர்ர்" என்று உரசல் வருகிறது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. இதுவும் பேட் தீர்ந்ததா?

#26 கராஜ்பித்து

இரவு ஈரத்தில் டிஸ்கில் மெல்லிய துரு படியும். இரண்டு மூன்று மிதியில் பேடே துடைத்துவிடும். நாலு தெரு தாண்டியும் சத்தம் நிற்கவில்லையென்றால் வாருங்கள், பேசுவோம்.

#27 ஓசூர்மல்லி

பின் சக்கர டிரம் பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லை. மெக்கானிக் "பின்னாடி ஷூவும் போட்டுடலாம்" என்கிறார், 50,000 ஓடியிருக்கிறது.

#28 பாடிக்காரன்

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முக்கால்வாசி வேலையை முன் சக்கரமே செய்துவிடுகிறது அம்மா. பின் ஷூ (டிரம்முக்குள் பேட் மாதிரி உராயும் பட்டை) லட்சம் கி.மீ. தாண்டுவதும் சகஜம். டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தூளைத் துடைத்து அட்ஜஸ்ட் செய்தாலே போதுமானதாக இருக்கும். ஹேண்ட் பிரேக்கை முன்பை விட உயரமாகத் தூக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஷூ ரிவெட் வரை தேய்ந்திருந்தாலோ, வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்து ஷூ நனைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

#29 ஜாலஹள்ளி ஜீரோ

பின்னாலும் டிஸ்க், பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிக்கு வீட்டிலேயே பேட் மாற்றலாமா? சி-கிளாம்ப் வைத்திருக்கிறேன்.

#30 கராஜ்பித்து

முன்பக்கம் தாராளமாக. பின்பக்கம் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை நெருக்கினால் ஹேண்ட் பிரேக்குக்காக இருக்கும் மோட்டார் அமைப்பு உடையலாம். முதலில் ஸ்கேன் கருவியிலோ, கையேட்டில் உள்ள முறைப்படியோ சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த வண்டி என்று சொல்லுங்கள், முறையைத் தேடித் தருகிறேன்.